பிளஃப் ரீ-ரெய்ஸ் பலிக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கலாம்

நோ-லிமிட் ஹோல்டம் என்ற போக்கர் சீட்டாட்டம் ஓரளவு பிடிபட்டதும் எல்லோருக்கும் ஓர் ஆசை வரும். ஒருவர் ரெய்ஸ் செய்கிறார், அதாவது பந்தயத்தை ஏற்றுகிறார், நாம் அதற்கு மேல் ரெய்ஸ் செய்கிறோம், அவர் சீட்டைப் போட்டுவிடுகிறார் (ஃபோல்டு), ஃப்ளாப் (மேசையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு) பார்க்காமலேயே பாட், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயத் தொகை, நம் பக்கம் வருகிறது. கையில் பெரிய சீட்டே தேவையில்லை, அதுதான் பிளஃப். இந்த ரீ-ரெய்ஸுக்குப் பெயர் த்ரீ-பெட். சீட்டு வரும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பிளைண்ட் முதல் பந்தயம், ரெய்ஸ் இரண்டாவது, ரீ-ரெய்ஸ் மூன்றாவது. அதனால் அந்தப் பெயர். அதற்கும் மேலே யாராவது ஏற்றினால் அது ஃபோர்-பெட்.

செய்து பார்க்கிறோம், பலிக்கவில்லை. உடனே "எனக்குத் தைரியம் பத்தவில்லை" என்றோ "சீட்டு சரியில்லை" என்றோ முடிவு கட்டிவிடுகிறோம். நான் பார்த்தவரை கோளாறு அங்கே இருப்பதில்லை. யார் மேல், எந்த இருக்கையிலிருந்து, எவ்வளவு, எந்தச் சீட்டோடு என்ற நான்கில் ஒன்று தவறியிருக்கும். இந்த நான்கையும் மேசையில் உட்காரும் முன்பே யோசித்து வைத்துக்கொள்ளலாம். சலிப்பு வந்த நேரத்தில் கையில் எது இருக்கிறதோ அதை வைத்து ஏற்றுவது பிளஃப் ஆகாது.

கீழே வரும் தொகைகள் எல்லாமே பிக் பிளைண்ட் கணக்கு, அதாவது இரண்டு பிளைண்டில் பெரியது 1, ஸ்மால் பிளைண்ட் அதில் பாதி. ஸ்டாக், அதாவது ஒருவரிடம் உள்ள மொத்த சிப், 100 பிளைண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அளவுகோல் ஒன்று தேவை

கட்-ஆஃபில், அதாவது பட்டனுக்கு முந்தைய இருக்கையில், இருப்பவர் 2.5 ரெய்ஸ். நீங்கள் பட்டனில், அதாவது ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும் இருக்கையில், 8 வைக்கிறீர்கள். இரண்டு பிளைண்டும் சேர்த்து ஏற்கெனவே பாட்டில் இருப்பது 4. ஆக, 4 சம்பாதிக்க 8 பணயம். 8-ஐ 12-ஆல் வகுத்தால் 67 விழுக்காடு. நூற்றில் 67 தடவை எல்லோரும் ஃபோல்டு செய்தால், மீதி 33 தடவையும் நீங்கள் சுத்தமாகத் தோற்றாலும் நஷ்டமில்லை. நிஜத்தில் கால் (அதே தொகையைப் போட்டுத் தொடர்வது) வந்தபிறகும் சில பாட் உங்களுக்கு வரும், அதனால் தேவை இதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனாலும் "மூன்றில் இரண்டு" என்ற கணக்கு மனதில் இருக்கட்டும். இனி வரும் ஒவ்வொரு அறிகுறியையும் இதோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

அறிகுறி 1: ரீ-ரெய்ஸ் செய்தால் யாரும் ஃபோல்டு செய்வதே இல்லை

அதிகம் கேட்கும் புகார் இது. காரணங்கள் மூன்று நான்கு உண்டு, இந்த வரிசையிலேயே பாருங்கள்.

முதலில் தொகை. 2.5-க்கு மேல் 5 மட்டும் வைத்தால் எதிராளி இன்னும் 2.5 போட்டால் போதும். பாட்டில் 9 காத்திருக்கிறது. வெறும் 22 விழுக்காடு வெற்றி வாய்ப்பு இருந்தாலே அவருக்குக் கட்டுபடியாகும். எந்தச் சீட்டை வைத்திருந்தாலும் கால்தான் செய்வார், அதில் தப்பும் இல்லை. அதையே 8 ஆக்கினால் அவருக்கு 31 விழுக்காடு தேவைப்படும். அப்போதுதான் யோசிக்க ஆரம்பிப்பார். அவருக்குப் பிறகு நீங்கள் பேசும் இருக்கையில் இருந்தால் அவர் வைத்ததைப் போல மூன்று மடங்கு அல்லது சற்று மேலே. பிளைண்டிலிருந்து என்றால் நான்கு மடங்குக்கும் மேலே. பிளஃப் தானே என்று குறைத்து வைக்காதீர்கள். ஏஸ் ஜோடி வந்தால் எவ்வளவு வைப்பீர்களோ அதே தொகைதான் இதற்கும்.

தொகை சரியென்றால் அடுத்தது, ரெய்ஸ் செய்தவரின் இருக்கை. இதில் கோட்டை விடுகிறவர்கள் ஏராளம், அதனால் எண்ணியே காட்டுகிறேன். ஹோல்டமில் ஆரம்பச் சீட்டுச் சேர்க்கைகள் மொத்தம் 1,326. ஒன்பது பேர் மேசையில் முதலில் பேசும் இருக்கையில் ஒருவர் தன் சீட்டில் பத்து விழுக்காட்டை மட்டும் ரெய்ஸ் செய்கிறார் என்றால் அது 133 சேர்க்கை. உங்கள் ரீ-ரெய்ஸுக்கு எதிராக அவர் பத்து ஜோடியும் அதற்கு மேலும், ஏஸ்-குயின், ஏஸ்-கிங் இவற்றோடு நிற்கிறார். ஐந்து ஜோடி, தலா 6, அது 30. ஏஸ்-குயின் 16, ஏஸ்-கிங் 16. மொத்தம் 62. கிட்டத்தட்ட பாதி! ஃபோல்டு வருவது 53 விழுக்காடுதான். நமக்கு வேண்டியது 67.

அதே ஆள் கட்-ஆஃபில் உட்கார்ந்து 27 விழுக்காடு சீட்டை ரெய்ஸ் செய்கிறார் என்று வையுங்கள். அது 358 சேர்க்கை. இடம் மாறியதால் கொஞ்சம் தாராளமாக 100 சேர்க்கையோடு நிற்கிறார் என்றே கொள்வோம். அப்போதும் 72 விழுக்காடு ஃபோல்டு. ஆள் அவரேதான், உங்கள் சீட்டும் அதேதான், இருக்கை மட்டும் மாறியிருக்கிறது. முதல் இருக்கையிலிருந்து வரும் ரெய்ஸ் மேல் பிளஃப் செய்வதை நிறுத்தினாலே பாதிப் பேருக்கு இந்த அறிகுறி போய்விடும்.

மூன்றாவது, ஆள். சிலருக்கு ரெய்ஸ் செய்துவிட்டுச் சீட்டைப் போடுவது என்பது அவமானம். அவர்களைக் கண்டுபிடிக்கப் பெரிய திறமை வேண்டாம், கையைப் பாருங்கள். உங்கள் சிப் மேசையைத் தொடும் முன்பே அவர் விரல் தன் சிப் அடுக்கின் மேல் போயிருக்கும். தன் சீட்டைத் திரும்பத் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டார். அவர் கால் செய்யப் போகிறார் என்பது நீங்கள் தொகையைச் சொல்லும் முன்பே முடிந்துபோன விஷயம். அப்படிப்பட்டவர் மேல் பிளஃப் வேண்டவே வேண்டாம். நல்ல சீட்டு வரும்போது இன்னும் பெரிதாக வையுங்கள், அதற்கும் கால் செய்வார்.

நான்காவது, சிப்புக்கு மதிப்பே இல்லாத ஆட்டம். இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது. அதனால் பலர் இலவச சிப் ஆட்டத்தில்தான் பழகுகிறார்கள். அங்கே தோற்றால் மறுபடி சிப் கிடைக்கும். ஃபோல்டு செய்ய யாருக்கும் காரணமே இல்லை. அங்கே பிளஃப் தோற்பதை வைத்து உங்கள் உத்தியை எடை போடாதீர்கள்.

அறிகுறி 2: கால் வந்துவிடுகிறது, அப்புறம் ஃப்ளாப்பில் கை ஓடவில்லை

இது சீட்டுத் தேர்வில் உள்ள கோளாறு. இதற்கு என் கதை ஒன்றே போதும்.

நண்பர் வீட்டு ஆட்டம். கட்-ஆஃபில் 2.5. நான் பட்டனில் ஏஸ்-10, வேறு வேறு சின்னம். "கால் செய்ய மனசில்லை, ஃபோல்டு செய்யவும் மனசில்லை, ஏற்றிப் பார்ப்போம்" என்று 8 வைத்தேன். கால். ஃப்ளாப்பில் ஏஸ், 8, 3. ஏஸைப் பார்த்ததும் நான் பிளஃப் செய்ய வந்தவன் என்பதே மறந்துபோனது. 6 வைத்தேன், கால். அடுத்து 16, கால். கடைசிச் சீட்டில் 35, அதற்கும் கால். அவர் திருப்பியது ஏஸ்-குயின். மொத்தம் 65 பிளைண்ட் போயிற்று. அதுவும் ஏஸ் வந்ததால்தான் போயிற்று. ஏஸ் வராமல் இருந்திருந்தால் 14-ஓடு தப்பித்திருப்பேன்.

ரீ-ரெய்ஸுக்குக் கால் செய்பவரிடம் இருப்பது ஏஸ்-குயின், கிங்-குயின், ஏஸ்-ஜாக் போன்றவை. ஏஸ்-10, கிங்-ஜாக், குயின்-10 ஆகியவை சின்னம் மாறி வந்தால், இந்தச் சீட்டுகளின் நிழலில் மாட்டிக்கொள்ளும். ஜோடி விழுந்தாலும் அது இரண்டாம் தரம். பார்க்க அழகான சீட்டுகள், பிளஃபுக்கு மட்டும் ஆகாது.

பிளஃபுக்கு ஏற்றவை ஏஸ்-5 சூட்டட் (இரண்டும் ஒரே சின்னம்), ஏஸ்-4 சூட்டட், 7-6 சூட்டட், 6-5 சூட்டட் மாதிரி. இவை விழுந்தால் ஸ்ட்ரெயிட் (வரிசையாக ஐந்து சீட்டு), ஃபிளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து) என்று நிஜமாக விழும். விழாவிட்டால் விழவில்லை என்று தெளிவாகத் தெரியும். ஏஸ்-5 சூட்டட்டில் வரும் ஃபிளஷ் மிகப் பெரிய ஃபிளஷ். 2, 3, 4 வந்தால் ஸ்ட்ரெயிட்டும் உண்டு. ஏஸ் மட்டும் ஜோடி சேர்ந்தால் அடக்கி வாசிக்க வேண்டும் என்பதும் உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

இன்னொன்று. கால் செய்தாலே லாபம் தரும் சீட்டை எடுத்துப் பிளஃப் ஆக்காதீர்கள். பட்டனில் கிங்-ஜாக் சூட்டட் வந்தால் அது கால் செய்து ஃப்ளாப் பார்க்கத் தகுந்த சீட்டு. அதை ஏற்றினால் கிங்-10, குயின்-ஜாக் போன்ற, நீங்கள் ஜெயிக்கக்கூடிய சீட்டுகளை விரட்டிவிட்டு ஏஸ்-கிங்கை மட்டும் எதிரே உட்கார வைத்துக்கொள்கிறீர்கள். கால் செய்யச் சற்றே தகுதி குறைந்த வரிசையிலிருந்துதான் பிளஃபை எடுக்க வேண்டும்.

ஃப்ளாப் ஆட்டத்தைப் பொறுத்தவரை, ஒன்றும் விழாவிட்டாலும் ஒரு சின்னப் பந்தயம் பெரும்பாலும் செல்லும். பாட் 17.5 இருக்கும்போது 6 வைத்தால், நாலில் ஒரு தடவை ஃபோல்டு வந்தாலே சரிக்குச் சரி. ஜோடி இல்லாத கை மூன்றில் இரண்டு தடவை ஃப்ளாப்பைத் தவறவிடும் என்பதை நினைவில் வையுங்கள். ஏஸ் உயரமான ஃப்ளாப், கிங் உயரமான ஃப்ளாப் உங்களுக்குச் சாதகம், ஏனென்றால் ரீ-ரெய்ஸ் செய்தவரிடம்தான் ஏஸ்-கிங்கும் ஏஸ் ஜோடியும் இருக்கும் என்று எதிராளி நினைப்பார். 9-8-7 மாதிரி ஒட்டிக்கொண்டு வரும் ஃப்ளாப்பில் அவரிடம் ஜோடிகளும் ஸ்ட்ரெயிட்டும் இருக்கும். அங்கே கையைக் கட்டிக்கொண்டு இருப்பது மேல்.

அறிகுறி 3: ஃபோர்-பெட் வந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் கால் செய்துவிடுகிறேன்

மருந்து சுலபம்: போட்டுவிடுங்கள். 8 வைத்தீர்கள், அவர் 20 ஆக்கினார். உங்கள் 8 இப்போது உங்களுடையது அல்ல, அது பாட்டுடையது. அதைக் காப்பாற்ற இன்னும் 12 அனுப்புவது, கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க இன்னொரு வாளியை வீசுவது போல. மேலே நாம் போட்ட 67 விழுக்காட்டுக் கணக்கிலேயே இந்த 8-இன் நஷ்டம் சேர்ந்திருக்கிறது. அதனால் போட்டுவிடுவதில் வெட்கமும் இல்லை, புது நஷ்டமும் இல்லை.

ஆனால் ஃபோர்-பெட் அடிக்கடி வருகிறது என்றால் சீட்டுத் தேர்வைத் திரும்பப் பாருங்கள். பிளாக்கர், அதாவது எதிராளியிடம் இருக்கக்கூடிய சேர்க்கைகளைக் குறைக்கும் நம் கைச் சீட்டு, இங்கேதான் உதவும். எதிராளி ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, குயின் ஜோடி, ஏஸ்-கிங் இவற்றோடு மட்டும் மேலே ஏற்றுகிறார் என்றால் அது 6, 6, 6, 16 என்று 34 சேர்க்கை. உங்கள் கையில் ஓர் ஏஸ் இருந்தால், ஏஸ் ஜோடி 6-இலிருந்து 3 ஆகிறது, ஏஸ்-கிங் 16-இலிருந்து 12 ஆகிறது. மொத்தம் 27. ஐந்தில் ஒரு பங்கு ஆபத்து உங்கள் கையில் இருக்கும் ஒரே சீட்டால் குறைந்துவிட்டது. 7-6 வைத்திருந்தால் அந்த 34 அப்படியே நிற்கும். ஏஸ்-5 சூட்டட்டை எல்லோரும் இவ்வளவு கொண்டாடுவதற்கு இதுதான் பாதிக் காரணம்.

அதே சமயம் பிளாக்கரை மந்திரத் தாயத்தாக நினைக்கக் கூடாது. 2010 உலகப் போக்கர் தொடரின் பிரதான போட்டி, லாஸ் வேகஸ் ரியோ அரங்கு, நவம்பர் மாத இறுதி மேசை. மூன்று பேர் மிச்சம். ஜோசப் சியாங்கும் கனடாவின் ஜொனாதன் துஹாமெலும் ஒருவர் மேல் ஒருவர் ஏற்றிக்கொண்டே போனார்கள். ரெய்ஸ், ரீ-ரெய்ஸ், அதற்கு மேல், அதற்கும் மேல், கடைசியில் சியாங் ஆல்-இன், அதாவது ஸ்டாக் முழுவதும். அவர் கையில் ஏஸ்-7, சின்னம் வேறு வேறு. துஹாமெல் குயின் ஜோடியோடு கால் செய்தார், அந்த மாபெரும் பாட்டையும் எடுத்தார், பட்டத்தையும் எடுத்தார். சியாங் மூன்றாம் இடம். சியாங்கிடம் ஏஸ் இருந்ததால் எதிரே ஏஸ் ஜோடி இருக்கும் வாய்ப்பு பாதியானது உண்மை. ஆனால் குயின் ஜோடியின் ஆறு சேர்க்கையில் ஒன்றைக்கூட ஏஸ்-7 தடுக்கவில்லை. அத்தோடு, மேசையில் மூன்றாமவரான ஜான் ரேசனரிடம் சிப் ரொம்பக் குறைவு. அவர் முதலில் வெளியேறக் காத்திருந்தாலே பரிசுத் தொகையில் ஒரு படி மேலே போகலாம் என்ற நிலை. சியாங்கின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த ஏற்றத்தில் ஐந்தாவது படியில் ஃபோல்டு செய்திருந்தால்கூட ஆட்டத்தில் வலுவாக இருந்திருப்பார் என்பதை நினைக்கும்போது இன்றும் மனசு கேட்கவில்லை.

அறிகுறி 4: ஸ்மால் பிளைண்டிலிருந்து செய்தால் மட்டும் தோற்கிறேன்

இருக்கையின் குணம் அது. ஃப்ளாப்புக்குப் பிறகு எல்லாச் சுற்றிலும் நீங்கள்தான் முதலில் பேச வேண்டும். அங்கே 8 வைத்தால், 2.5 ரெய்ஸ் செய்த பட்டன்காரர் சந்தோஷமாகக் கால் செய்வார். 11 வையுங்கள்; அவருக்கு 37 விழுக்காடு தேவைப்படும். பதிலுக்கு உங்கள் கணக்கும் கனக்கும்: 10.5 கூடப் போட்டு 4 எடுக்க 72 விழுக்காடு ஃபோல்டு வேண்டும். அதனால் பட்டன், கட்-ஆஃப் ரெய்ஸ் மேல் மட்டும்; அதுவும் தாராளமாக ரெய்ஸ் செய்கிறவர் என்றால் மட்டும்.

அறிகுறி 5: நடுவில் ஒருவர் கால் செய்திருக்கும்போது ஏற்றினால் இரண்டு பேருமே வந்துவிடுகிறார்கள்

இதை ஸ்க்வீஸ் என்பார்கள். பாட்டில் இப்போது 6.5 இருக்கிறது, பார்க்க ஆசையாக இருக்கும். தொகையை 8-லேயே விட்டதுதான் பெரும்பாலும் கோளாறு. நடுவில் கால் செய்த ஒவ்வொருவருக்கும் இன்னொரு 2.5 கூட்டி, 11 வாக்கில் வையுங்கள். 11 வைத்து 6.5 எடுக்க 63 விழுக்காடு போதும். ஆனால் இரண்டு பேரும் போட வேண்டுமே. ரெய்ஸ் செய்தவர் 70 விழுக்காடும் கால் செய்தவர் 90 விழுக்காடும் போடுவார்கள் என்றால், பெருக்கிப் பார்த்தால் சரியாக 63. நடுவில் இருப்பவர் எந்தச் சீட்டையும் போடாத ஆள் என்றால் இந்தக் கணக்கு அந்த இடத்திலேயே கவிழ்ந்துவிடும்.

அறிகுறி 6: டோர்னமென்டில் செய்தால் ஸ்டாக் கரைந்துகொண்டே போகிறது

கையில் 20 பிளைண்ட் இருக்கிறது, 6 வைக்கிறீர்கள், எதிராளி ஆல்-இன். போட்டால் ஸ்டாக்கில் 30 விழுக்காடு போயிற்று. கால் செய்ய 14 வேண்டும், 34 விழுக்காடு வெற்றி வாய்ப்பு இருந்தால் சரி என்கிறது கணக்கு. ஏஸ்-5 சூட்டட் கிங் ஜோடிக்கு எதிராக ஏறத்தாழ அந்த அளவில்தான் நிற்கும். இரண்டு பக்கமும் இடிக்கும் இடத்தில் நீங்களே போய் நின்றுகொண்டீர்கள். 25-க்குக் கீழே வந்துவிட்டால் சின்ன ரீ-ரெய்ஸ் பிளஃபை மறந்துவிடுங்கள். ஆல்-இன் அல்லது ஃபோல்டு. 12-க்குக் கீழே போனால் அந்த ஆல்-இன்னைப் பார்த்துப் பயப்படவும் ஆள் இருக்காது.

அறிகுறி 7: முதலில் நன்றாகப் பலித்தது, இப்போது பலிக்கவில்லை

கண்டுபிடித்துவிட்டார்கள். நீங்கள் எத்தனை சேர்க்கையோடு ஏற்றுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். குயின் ஜோடியும் அதற்கு மேலும், ஏஸ்-கிங்கும் சேர்த்து 34. ஏஸ்-2 முதல் ஏஸ்-5 வரை சூட்டட் 16, 8-7, 7-6, 6-5 சூட்டட் 12, மொத்தம் 28 பிளஃப். பட்டனிலிருந்து இது தாங்கும். இதோடு ஏஸ்-9, ஏஸ்-8 இரண்டையும் சின்னம் மாறிய நிலையில் சேர்த்துக்கொண்டால், தலா 12, பிளஃப் ஒரேயடியாக 52 ஆகிவிடும். எழுதினால்தான் இந்த ஊதல் கண்ணில் படும். ஆடும்போது "இரண்டே சீட்டுதானே சேர்த்தேன்" என்றுதான் தோன்றும். குறைக்கச் சுலபமான வழி ஒன்று: ஏஸ்-5 சூட்டட் ஸ்பேடு அல்லது ஹார்ட்டின் என்றால் மட்டும் ஏற்றுவது, மற்ற இரண்டு சின்னத்தில் கால் அல்லது ஃபோல்டு. பாதியாகிவிடும், உங்கள் மனநிலைக்கும் அதில் வேலை இல்லை.

அறிகுறி 8: எல்லாம் சரியாகச் செய்தும் தொடர்ந்து தோற்கிறேன்

கோளாறே இல்லாமலும் இது நடக்கும். மூன்றில் இரண்டு தடவை ஃபோல்டு வரும் இடத்தில்கூட, அடுத்தடுத்து நான்கு தடவை ஃபோல்டு வராமல் போக 81-இல் ஒரு வாய்ப்பு உண்டு. மாதத்துக்கு ஐம்பது அறுபது தடவை ஏற்றுகிறவருக்கு இது அபூர்வமே இல்லை. எதிராளியைப் பற்றிய கணக்கும் இப்படித்தான். பத்துப் பதினைந்து கை பார்த்துவிட்டு "இவர் ஃபோல்டு செய்யவே மாட்டார்" என்று முத்திரை குத்த முடியாது.

நான் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். ஐந்தே கட்டம்: ரெய்ஸ் செய்தவரின் இருக்கை, என் இருக்கை, நான் வைத்த தொகை, சீட்டு, என்ன ஆயிற்று. ஐந்தாவது கட்டத்தை மறைத்துக்கொண்டு முதல் நான்கை மட்டும் மறுநாள் காலையில் படிப்பேன். திரும்ப அதே இடம் வந்தால் அதையே செய்வேனா என்று பக்கத்தில் ஒரு டிக் அல்லது ஒரு கோடு. ஏஸ்-10 கையின் பக்கத்தில் இருப்பது கோடு. முப்பது கை சேர்ந்ததும் கோடு போட்டவை எல்லாம் எந்தக் கட்டத்தில் ஒன்றுபோல இருக்கின்றன என்று பார்ப்பேன். எனக்கு அது நான்காவது கட்டமாக இருந்தது, அதாவது சீட்டு.